பதினேழாம் எண் கப்பலின் சுவரைத் திறந்தது குறித்து

பெயர்: நாரா பெர்துச்செல்லி. வயது: எழுபத்து மூன்று. தந்தை பெயர்: ஆல்ஃபியோ பெர்துச்செல்லி, காலமானவர். முகவரி: வியாரெஜ்ஜோ நகரம், தார்சேனா பகுதி, பழைய கயிற்றுக் கொட்டகைக்குப் பின் தெரு, மாடி வீடு. திருமணம்: ஆகவில்லை. படிப்பு: ஐந்தாம் வகுப்பு. தொழில்: கப்பல் உள்வேலைக்கு வெனீர் ஒட்டுபவர். இந்த இடத்தில் முதலில் "தச்சுப் பட்டறை உதவியாள்" என்று எழுதப்பட்டது. என் தொழிலாளர் அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது என்று அதிகாரி சொன்னார். அட்டை தவறு, பல வருடங்களாகத் தவறு என்று சொல்லி, அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னேன். அடித்துத் திருத்தப்பட்டது.

நான் இந்தக் காரபினியேரி காவல் நிலையத்துக்கு என் சொந்தக் காலில் வந்தேன். யாரும் இழுத்து வரவில்லை. பேசாமல் இருக்கவும், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும் எனக்கு உரிமை உண்டு என்பதை நிலைய அதிகாரி எஃபிசியோ ஸ்கானு அவர்கள் எனக்கு விளக்கினார். என் தம்பி லொரியானோ ஒரு வழக்கறிஞரை அழைத்து வந்திருக்கிறான். அவர் வெளியே நடையில் உட்கார்ந்திருக்கிறார். அவரை உள்ளே கூப்பிட வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். என் மேல் உள்ள புகாரை அதிகாரி படித்துக் காட்டினார். அதன் பிறகு நான் சொல்வதாவது:

நான் இளம் வயதில் கார்னிவல் தேர்களுக்குக் காகிதம் ஒட்டும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். பசையில் நனைத்த பழைய செய்தித்தாளை அச்சின் மேல் சுருக்கம் விழாமல் படிய வைப்பது என் வேலை. அதன் பிறகு கப்பல் கட்டுகிறவர்கள் வெனீர் வேலைக்கு ஆள் தேடினார்கள். வெனீர் என்பது காகித கனத்துக்குச் சீவிய மரத் தகடு. அதைப் பலகை மேல் ஒட்டினால் சுவர் முழுவதும் ஒரே மரம்போல் தெரியும். எனக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டேன். "பொம்மைக்கு மூக்கு ஒட்டுறவளுக்கு மரம் எதுக்கு?" என்றார்கள். அப்படிக் கேட்டவரின் பெயர் எனக்கு நினைவிருக்கிறது, ஆனால் வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னதால் விட்டுவிடுகிறேன். வீணாகிப்போன தகடுகளை வீட்டுக்கு எடுத்துப் போய், இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றி ஒட்டி, பிய்த்து, மறுபடி ஒட்டி நானே கற்றேன். அதன் பிறகு நானும் என் தம்பி லொரியானோவும் சேர்ந்து ஒரு பட்டறை வைத்தோம். சுவர்களின் எலும்பு அவன் வேலை. தோல் என் வேலை. பட்டறை அவன் பெயரில் உள்ளது.

புகார் கொடுத்திருக்கும் கப்பல் கட்டுத்தளத்தின் பெயர் புகாரில் இருக்கிறது, நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அங்கே எந்த உல்லாசக் கப்பலுக்கும் தண்ணீரில் இறங்கும் நாள்வரை பெயர் கிடையாது. எண்தான். பெயர் தெரிந்தவர்களும் சடங்குக்காக முகப்பில் பாட்டில் உடையும்வரை அதை வாயில் எடுப்பதில்லை. இந்தக் கப்பல் பதினேழு. நானும் பதினேழு என்றே சொல்கிறேன்.

பதினேழின் சாப்பாட்டு அறையை எங்கள் பட்டறை செய்தது. அதை வாங்குகிறவர்கள் கண்ணால் பார்ப்பது என் தகட்டை மட்டும்தான். தகட்டுக்குப் பின்னால் பலகை, பலகைக்குப் பின்னால் ஈயத் தகடு, அதற்குப் பின்னால் தீப்பிடிக்காத பஞ்சு, அதற்கும் பின்னால் லொரியானோவின் மரச் சட்டம். அந்தச் சட்டம் கப்பலின் இரும்பைத் தொடாது. ரப்பர் கட்டைகளின் மேல் மிதந்துகொண்டு நிற்கும். ஒரே ஒரு ஆணி நீண்டு இரும்பைத் தொட்டால் போதும், எஞ்சினின் முனகல் அந்த ஆணி வழியாக ஏறி மேசையில் இருக்கும் கண்ணாடிக் கோப்பைவரை வந்துவிடும். லொரியானோ ஒவ்வொரு சுவரிலும் காதை வைத்து நடப்பான். எஞ்சினை முதன்முதலாக ஓட்டிப் பார்த்த அன்று அவன் அந்த அறை மேசையில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்தான். தண்ணீர் அசையவில்லை. கட்டுத்தளத்தின் பொறியாளர் பால்மெரினி கைதட்டினார். அதைப் புகாரில் எழுதவில்லை.

அந்த அறைக்கு ஒரே வால்நட் மரத்திலிருந்து சீவிய தகடுகளைப் பயன்படுத்தினேன். புத்தகத்தை விரித்ததுபோல் ஒன்றின் முகம் அடுத்ததன் முகத்தைப் பார்க்கும்படி அறையைச் சுற்றி ஒட்டிக்கொண்டே வந்தேன். மரத்தின் வரி எங்கேயும் அறுபடாமல் அறையை ஒரு சுற்றுச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். நான் செய்ததில் அதுதான் சிறந்தது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

அந்தச் சுவரில் ஒரு கதவு உண்டு. கப்பலில் வேலை செய்பவர்கள் கீழ்த்தளத்தில் முன்பக்கம் தூங்குகிறார்கள். அவர்கள் மேலே வர வழக்கமான படி ஒன்று இருக்கிறது, அது சமையல் அறைக்குள் வந்து ஏறுகிறது. கப்பலில் தீ பெரும்பாலும் சமையல் அறையில்தான் பிடிக்கிறது. அதனால் இரண்டாவது வழி ஒன்று கட்டாயம் வேண்டும். அந்த வழி ஒரு குறுகிய ஏணியில் ஏறிச் சாப்பாட்டு அறைச் சுவருக்குப் பின்னால் வந்து முடிகிறது. விருந்தினர் கண்ணில் கதவு படக்கூடாது என்பதால் அதன் விளிம்பை மரத்தின் கருவரி ஓடும் இடத்தில் அமைத்தேன். உள்பக்கம் இரும்புப் பிடி உண்டு. அறையின் பக்கம் பிடி இல்லை. கண் உண்டு.

கண் என்றால் என்ன என்று அதிகாரி கேட்டார். மரத்தில் கிளை முளைத்த இடத்தில் விழும் வட்டக் கணுவை எங்கள் பட்டறையில் கண் என்போம். ஒளிந்த கதவு ஒவ்வொன்றிலும் அழுத்த வேண்டிய இடத்தில் ஒரு கண் வரும்படி நான் தகட்டை வெட்டுவேன். சுவர் முழுவதும் கண்ணாடிபோல் மெருகு ஏறும். கண்ணுக்கு மட்டும் கடைசி மெருகு கொடுக்க விடமாட்டேன். உள்ளே யாராவது மயங்கி விழுந்தால், வெளியே நிற்பவன் புகையில் சுவரைத் தடவிப் போகும்போது அங்கே கை சொரசொரக்கும். அழுத்தினால் கதவு திறக்கும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே வைத்துக்கொண்ட முறை. மெருகு போடுபவர்கள் ஒவ்வொரு முறையும் சண்டைக்கு வருவார்கள். ஒவ்வொரு முறையும் நான்தான் ஜெயித்திருக்கிறேன்.

பதினேழின் சமையல்காரர் சீரோ எஸ்போசித்தோ, தோர்ரே தெல் கிரேக்கோ ஊர்க்காரர். அவருடைய கட்டில் அந்த ஏணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கதவு பொருத்திய நாளில் அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தடவி வந்து, கண்ணைக் கண்டுபிடித்து அழுத்திப் பார்த்தார். அதன் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைத் தொட்டு, "அண்ணே, ராத்திரி பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் பெயரைச் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன். சொல்லுங்கள் என்றார். அதனால் சொல்கிறேன்.

இதற்கென உள்ள ஆய்வாளர் வந்து இரண்டு வழிகளையும் பார்த்து, கதவைத் திறந்து மூடி, சரி என்று கையெழுத்திட்டுப் போனார். அதன் பிறகு எனக்கு வலது கண்ணில் புரை எடுக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. சில வாரங்கள் நான் வீட்டில் இருந்தேன். லொரியானோ ஞாயிறுதோறும் பேரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தான். பதினேழைப் பற்றிக் கேட்டபோது, "ஓடுதுக்கா" என்றான்.

மருத்துவர் வேலைக்குப் போகலாம் என்று சொன்னதும் திங்கட்கிழமை கட்டுத்தளத்துக்குப் போனேன். கப்பலில் ஏறும் இடத்தில் காலணியைக் கழற்றிவிட்டு, காலுறையோடு சாப்பாட்டு அறைக்குள் போனேன். மேசையைச் சுற்றி நடந்தேன். கண் இல்லை. மறுபடி சுற்றினேன். கதவின் கோடும் இல்லை. கண் இருந்த இடத்தில் அதே மரத்தின் வேறு தகடு இருந்தது. பின்னால் ஏதாவது பழுது வந்தால் வேண்டும் என்று நானே எடுத்து வைத்திருந்த தகடு அது. வரியோடு வரி சேர்ந்திருந்தது. ஒட்டியவன் வேலை தெரிந்தவன். இந்த ஊரில் என் ஒட்டுக்கு அருகில் அப்படி ஒட்டக்கூடியவன் ஒருவன்தான்.

லொரியானோ கீழே பொருள்கள் வைக்கும் கொட்டகையில் இருந்தான். நடந்த பேச்சை அப்படியே எழுதச் சொன்னேன்.

"கதவு எங்கேடா?"

"எந்தக் கதவு?"

"டேய்."

"அக்கா, அந்தம்மா வந்தாங்க. வாங்குறவரோட சம்சாரம். அவங்க நாற்காலிக்கு நேர் எதிர்ல அந்தக் கண்ணு. முறைக்குதாம். சாப்பாடு இறங்கலையாம்."

"முறைச்சா கண்ணை எடுக்க வேண்டியதுதானே? கதவை எதுக்கு எடுத்த?"

"கதவை எங்கே எடுத்தேன்? அங்கேயேதான் இருக்கு. மேலே ஒரு தகடு போயிருக்கு, அவ்வளவுதான்."

"பசை போட்டா?"

அவன் பிடரியைச் சொறிந்தான்.

"கோடு தெரியுதுன்னாங்க. கோடே தெரியக்கூடாதுன்னாங்க. நீயும் இல்ல. நான் என்னக்கா பண்ணட்டும்? சமையல் ரூம் பக்கம் படி இருக்குல்ல?"

அதன் பிறகு நான் அவனிடம் ஒரு மரச் சுத்தியலைக் கொடுத்தேன். "கீழே போய் ஏணியில ஏறி, உள்ளேர்ந்து அந்தக் கதவை அடி. எனக்குக் கேட்டுச்சுன்னா, வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போயிடறேன்" என்றேன். "சுத்தியல் அடி கேக்காம போகுமா? உனக்குக் கண்ணுல ஆபரேஷனா, காதுலயா?" என்று சொல்லிக்கொண்டே போனான்.

நான் சாப்பாட்டு அறைக்குப் போய்ச் சுவரில் காதை வைத்து நின்றேன். பக்கத்துக் கப்பலில் இழைக்கும் சத்தம் திறந்திருந்த வாசல் வழியாகக் கேட்டது. கடற்பறவைகளின் சத்தம் கேட்டது. சுவரிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையையும் விரித்துச் சுவரில் வைத்துப் பார்த்தேன். அதிர்வும் இல்லை. அவன் என்னை ஏமாற்றிவிட்டுக் காப்பிக் கடைக்குப் போய்விட்டான் என்று நினைத்தேன். நான் நகர்ந்து நாற்காலிப் பக்கம் போகும்போது அவன் சமையல் அறைப் பக்கமாக வந்தான். நெற்றி வியர்த்திருந்தது. சுத்தியல் கையில் இல்லை. வலது கையின் விரல் முட்டிகள் சிவந்திருந்தன.

"கேட்டுச்சா?" என்றான்.

"நீ அடிச்சியா?" என்றேன்.

அவன் நெகிழித்தாள் போர்த்தியிருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தான். அங்கே தாள் எடுக்காத நாற்காலியில் உட்காரக்கூடாது என்பது அவனே போட்ட விதி. சுவரைப் பார்த்தான். அந்தச் சுவர் சத்தத்தை வெளியே விடாது என்பதற்காகத்தான் எங்கள் பட்டறையைத் தேடி வருகிறார்கள். அவன் சட்டமும் என் தகடும் சேர்ந்து கட்டிய அமைதி அது. அவன் எழுந்து, "எஞ்சினியர்கிட்ட பேசு. நான் பேச முடியாது. அவங்க தர்ற வேலை போச்சுன்னா பட்டறையில இருக்கற அத்தனை பேரும் தெருவுல" என்றான்.

அதே நாள் பிற்பகல் பொறியாளர் பால்மெரினியின் அறைக்குப் போனேன்.

"வாங்க நாரா அம்மா. கண்ணு எப்படி இருக்கு?"

"எந்தக் கண்ணு?"

அவர் சிரித்தார். "உங்க கண்ணுதான்."

"நல்லா தெரியுது. அதனாலதான் வந்தேன். கதவைத் திறந்து விடுங்க."

"ஆய்வு முடிஞ்சு கையெழுத்தாயிடுச்சே."

"அவர் கையெழுத்துப் போட்டப்ப கதவு திறந்துச்சு."

"சனிக்கிழமை தண்ணியில இறங்குது, அம்மா. எல்லாரையும் கூப்பிட்டாச்சு. ஒரு பருவம் ஓடட்டும். குளிர்காலத்துல பழுது பார்க்கத் திரும்ப இங்கேதான் வரும். அப்ப அந்தம்மாவுக்கும் பிடிக்கிற மாதிரி ஏதாவது பண்ணிடலாம்."

"அதுவரைக்கும் கீழே தூங்கறவங்க மூச்சை அடக்கிக்கிட்டு இருக்கணுமா?"

அவர் மேசையில் இருந்த பேனாவைத் தள்ளி வைத்தார். "இது சரியில்லைன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைக்கறீங்க? எனக்கு மேலயும் ஆளுங்க இருக்காங்க" என்றார்.

பொறியாளருக்குத் தெரியாத எதையும் நான் சொல்லவில்லை. அந்த வழி ஏன் வேண்டும் என்று எனக்குக் கணக்கோடு விளக்கியவரே அவர்தான். அவர் கெட்டவர் என்றும் நான் சொல்லமாட்டேன். "அப்ப நானே திறந்துடறேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டதாகப் புகாரில் சொல்லியிருக்கிறார். எனக்கு வேடிக்கையாகப் பேசும் பழக்கம் இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அதன் பிறகும் நான் உடனே ரம்பத்தை எடுக்கவில்லை. மறுநாள் இது பற்றிப் புகார் கொடுக்கக்கூடிய அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். எது என்று சொல்ல விரும்பவில்லை. ஜன்னலில் இருந்தவர் மரியாதையாகப் பேசினார். கப்பலின் சொந்தக்காரரோ, கட்டுகிறவரோ, தலைவரோ எழுதிக் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றார். "நீங்க யாருன்னு போடறது? உங்க பேரு இந்தக் கப்பல் சம்பந்தமா எங்கேயும் இல்லையேம்மா" என்றார். சுவரில் இருக்கிறது என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

புதன்கிழமை காலை சமையல்காரர் சீரோ எனக்குக் காப்பி கொண்டு வந்தார்.

"அம்மா, நம்ம அண்ணன் எங்கே போயிட்டாரு? ரெண்டு வாரமா காணோம். மெருகு போடறவங்க தேய்ச்சுட்டாங்களா?"

"தகட்டுக்கு அடியில இருக்கு. பசை போட்டு அடைச்சாச்சு."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். "அப்ப, கதவு?"

"உள்ளேர்ந்து தள்ளினா திறக்காது. அடிச்சாலும் வெளியே கேக்காது. நேத்திக்கு முந்தின நாள் அடிச்சுப் பார்த்தாச்சு."

"நான் என் பொண்டாட்டிகிட்ட போன்ல சொல்லி வச்சிருக்கேன்மா. கட்டில்லேர்ந்து கை நீட்டினா கதவுன்னு. அவ அப்பன் மீன்பிடிக் கப்பல்ல செத்தவரு. அவளுக்குக் கப்பல்னாலே ஆகாது. இப்ப நான் பொய் சொன்னவன் ஆயிட்டேனா?"

காப்பியைக் குடித்துவிட்டுக் கோப்பையை அவரிடம் கொடுத்தேன்.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் எல்லோரும் வெளியே போனார்கள். நான் கொண்டு வந்திருந்த கடலைமாவு ரொட்டியைக் கப்பல் அருகே உட்கார்ந்து சாப்பிட்டேன். கை கழுவினேன். அதன் பிறகு கப்பலில் ஏறி, காலணியைக் கழற்றிவிட்டுச் சாப்பாட்டு அறைக்குப் போனேன். அறையின் வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தேன். யார் வந்தாலும் பார்க்கலாம். கம்பளம் வீணாகாதபடி சுவர் ஓரத்தில் துணி விரித்தேன். கதவின் விளிம்பு எங்கே ஓடுகிறது என்று எனக்கு அளந்து பார்க்காமலே தெரியும். இருந்தாலும் அளந்தேன். கத்தியால் முதலில் கோடு கீறினேன். தகடு கோட்டுக்கு வெளியே சிதறக்கூடாது என்பதற்காக. அதன் பிறகு சிறிய மின்ரம்பத்தை வைத்தேன்.

அந்த மரத்தில் இனி ஒரு தகடுகூட மிச்சம் இல்லை என்பது அறுக்கும்போது எனக்குத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியும். வேறு மரத்தை வைத்து அந்தச் சுவரைப் பழையபடி ஆக்க முடியுமா என்று கேட்டார். முடியாது. வரி அறுந்துவிட்டது. வருத்தம் உண்டா என்று கேட்டார். கத்தியால் கீறியபோது விழுந்த மரச் சுருளில் ஒன்றை எடுத்து என் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அது இப்போது பொருள் சான்றாக உங்கள் மேசையில் உறைக்குள் இருக்கிறது. வழக்கு முடிந்ததும் அதைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இதுவே அந்தக் கேள்விக்கு என் பதில்.

ஒரு பக்கம் அறுத்து முடித்து மேல்பக்கத்தைத் தொடங்கியபோது லொரியானோ ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் வண்ணம் பூசுபவர்கள் சிலரும் வந்தார்கள்.

"அக்கா! நிறுத்துக்கா! நம்ம பட்டறையை மூடிடுவாங்க!"

"மூடட்டும்."

"என்ன, கார்னிவல் தேரா கிழிக்கற? மறுநாள் பசை போட்டு ஒட்ட?"

"தேர்னா பரவாயில்லடா. தேருக்குள்ள யாரும் தூங்கறதில்ல."

அவன் ரம்பத்தின் மின்கம்பியைப் பிடுங்குவதற்குக் குனிந்தான். பிறகு பிடுங்கவில்லை. ஏன் என்று அவனைத்தான் கேட்க வேண்டும். "கோணலா போகுது, அளவுகோலைப் பிடி" என்றான். கோணலாகப் போகவில்லை. அவன் எப்போதும் அப்படித்தான் சொல்வான். அதன் பிறகு அவன் குரல் கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று பக்கமும் அறுத்தேன். கீல் உள்ள பக்கத்தை அறுக்கத் தேவையில்லை. ரம்பத்தை நிறுத்தினேன். உள்ளே நிலைச் சட்டத்தில் பசை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. என் தோளால் தள்ளும் கதவு இல்லை அது. அறையின் பக்கமாகத் திறப்பது. உள்ளிருந்துதான் தள்ள வேண்டும். உளியை எடுத்து விளிம்பில் வைத்தேன். வைத்தபோது கதவு ஒரு முறை அதிர்ந்தது. இரண்டாம் முறை அதிர்ந்தது. மூன்றாம் முறை உள்ளிருந்து முழுவதுமாகத் திறந்து என் முன்னால் வந்து நின்றது. வாசலில் நின்ற வண்ணக்காரர்களில் ஒருவர், "அடப் பாவமே, அங்கே கதவா இருந்துச்சு! ஒரு மாசமா எதிர்லயே நின்னு வேலை செஞ்சிருக்கேன்" என்றார்.

உள்ளிருந்து தள்ளியவர் யார் என்று அதிகாரி கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கிறேன் என்று எழுதச் சொன்னேன். எழுதப்பட்டது. கதவு உள்ளிருந்து திறந்தது என்பது மட்டும் தெளிவாக எழுதப்பட வேண்டும். எழுதப்பட்டது.

அதன் பிறகு துணியில் விழுந்த தூளை மூட்டையாகக் கட்டினேன். கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். பொறியாளர் பால்மெரினி வந்து கதவு வழியாகக் கீழே ஏணியைப் பார்த்தார். காவலுக்கு நின்றவர் காரபினியேரியைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். "கூப்பிட வேணாம், வழி தெரியும்" என்று சொல்லிவிட்டுக் காலணியைப் போட்டுக்கொண்டு நடந்து இங்கே வந்தேன்.

இங்கே வந்த பிறகு நடந்ததையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். நான் நடையில் காத்திருந்தபோது லொரியானோ வழக்கறிஞரோடு வந்தான். அவன் வலது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தான். கட்டுத்தளத்துக்காரர்கள் புகாரைத் திரும்பப் பெறத் தயார் என்று வழக்கறிஞர் சொன்னார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு எனக்குப் பார்வை தெளியவில்லை, மெருகில் ஒரு குறையைச் சரிசெய்யப் போனபோது கருவி கை தவறி இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று நான் சொல்ல வேண்டும். மருத்துவரின் சீட்டும் இருக்கிறது, வயதும் இருக்கிறது, யாரும் மறுக்க மாட்டார்கள் என்றார்.

"அக்கா, மூணு வார்த்தைதானே. 'கண்ணு சரியா தெரியல'ன்னு சொல்லிடு. வீட்டுக்குப் போயிடலாம். பட்டறையும் பிழைக்கும்" என்று லொரியானோ சொன்னான்.

"அப்புறம் அந்தச் சுவரை என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

வழக்கறிஞர், "அது நம்ம விஷயம் இல்லையே அம்மா" என்றார்.

அதனால் நான் உள்ளே வந்ததும் முதலில் அதிகாரியிடம் இதைக் கேட்டேன். கை தவறி நடந்தது என்றால் அந்தச் சுவர் என்ன ஆகும், தெரிந்தே செய்தது என்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதிகாரி ஸ்கானு சர்தீனியத் தீவுக்காரர், யோசித்துத்தான் பேசுவார். "விபத்துன்னா வழக்கு இல்ல. அவங்க பொருள், அவங்க இன்னிக்கே அடைச்சுக்கலாம். வேணும்னே செஞ்சதுன்னா வழக்கு. நீதிபதி பார்க்கற வரைக்கும் அந்த இடத்துக்கு முத்திரை. யாரும் தொடக்கூடாது. ஏன் செஞ்சீங்கன்னு நீங்க சொன்னதும் அவருக்குப் போகும், கப்பல் பாதுகாப்பு பார்க்கறவங்களுக்கும் நகல் போகும்" என்றார். "உங்க பேர்லதானே போகும்?" என்று கேட்டேன். "இல்ல, உங்க பேர்லம்மா" என்றார்.

ஆகவே நான் சொல்வது இது. அறுத்தது நான். தெரிந்து அறுத்தேன். யாரும் தூண்டவில்லை, யாரும் அனுமதிக்கவும் இல்லை. கை தவறவில்லை. அந்த அறுப்புக் கோட்டை அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள், மேலிருந்து கீழ்வரை நேராக இருக்கும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் வலது கண் இருபது வருடங்களாகத் தெரியாத அளவுக்குத் தெளிவாகத் தெரிகிறது. மருத்துவரின் சீட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, அதையும் இதோடு இணைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கதவை மறுபடி அடைத்தால் மறுபடி போவேன். சிறையில் போட்டால் வெளியே வந்த பிறகு போவேன்.

எழுதியதை அதிகாரி படித்துக் காட்ட முன்வந்தார். வேண்டாம், நானே படிக்கிறேன் என்று வாங்கிப் படித்தேன். என் படிக்கும் கண்ணாடி வீட்டில் இருக்கிறது, அது தேவைப்படவில்லை. முதல் பக்கத்தில் புகாரின் சுருக்கத்துக்குக் கீழே, "சாப்பாட்டு அறைச் சுவரைச் சேதப்படுத்தியதை ஒப்புக்கொள்கிறார்" என்று ஒரு வரி இருந்தது. அப்படி நான் ஒப்புக்கொள்ளவில்லை. சுவரைச் சேதப்படுத்தவில்லை, கதவைத் திறந்தேன் என்று மாற்றினால்தான் கையெழுத்து என்று சொன்னேன். புகாரில் உள்ள சொல் அது, மாற்ற முடியாது என்று அதிகாரி சொன்னார். என் வாயிலிருந்து வராத சொல்லுக்குக் கீழே என் பெயர் வராது, நாளை காலைவரை உட்கார்ந்திருக்கவும் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொன்னேன். அதிகாரி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அதன் பிறகு அந்த வரி அடிக்கப்பட்டு, "கதவைத் திறந்ததாகக் கூறுகிறார்" என்று எழுதப்பட்டது. ஓரத்தில் இருவரும் முதலெழுத்திட்டோம்.

இதில் எழுதியிருப்பது நான் சொன்னது. நான் சொன்னது நடந்தது. எந்த மிரட்டலுக்கும் ஆசைக்கும் உட்படாமல், கண் தெளிவாகத் தெரியும் நிலையில் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) நாரா பெர்துச்செல்லி, வெனீர் ஒட்டுபவர்

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, சொன்னவர் கண்ணாடி அணியாமல் தாமே படித்து, திருத்தி, ஒப்பமிட்டார். சுவருக்கு இன்று மாலை முத்திரை வைக்கப்பட்டது. வைக்கும்போது கதவு திறந்த நிலையில் இருந்தது. அந்த நிலையிலேயே வைக்கப்பட்டுள்ளது.

(ஒப்பம்) எஃபிசியோ ஸ்கானு, நிலைய அதிகாரி